அடுத்த ரேடியோ எது?

ஃபோம் பலகையில் செய்த பயிற்சி விமானத்துக்கு ஆயுசு குறைவு. வேலமரத்தில் மாட்டிக்கொள்ளும், தரையில் மூக்குக் குத்தும், இறக்கை ஒடியும். பசை போட்டு ஒட்டினால் மறுவாரம் பறக்கும். ஒரு கட்டத்தில் ஒட்டுவதற்கும் இடம் இருக்காது. அதிலிருந்த மோட்டாரும் சர்வோக்களும் அடுத்த விமானத்துக்குப் போகும். சில மழைக்காலம் கழித்துப் பார்த்தால் விமானம் மாறியிருக்கும், பேட்டரி மாறியிருக்கும், பறக்கவிட்ட மைதானம்கூட வீட்டுமனையாகியிருக்கும். மாறாமல் கையில் நிற்பது டிரான்ஸ்மிட்டர் ஒன்றுதான். களத்தில் அதற்கு ‘ரேடியோ’ என்றே பெயர்.

இவ்வளவு நாள் கூடவே வரும் பொருளைத்தான் பலரும் அதிகம் யோசிக்காமல் வாங்குகிறார்கள். இறக்கையின் நீளம், மோட்டாரின் கே.வி., பேட்டரியின் சி-ரேட்டிங் என்று நாள்கணக்கில் பேசுபவர்கள், ரேடியோ என்று வரும்போது “எத்தனை சேனல்?” என்ற ஒரே கேள்வியோடு முடித்துவிடுகிறார்கள். முதல் ரேடியோவுக்கு அந்தக் கேள்வி போதும். இரண்டாவது ரேடியோவுக்குப் போதாது.

தமிழ்நாட்டில் இந்த ஆர்வம் பல வழிகளில் வந்து சேர்கிறது. என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு ஏரோமாடலிங் பாடத்திட்டத்திலேயே உண்டு. வாயு சைனிக் முகாம்களில் அது போட்டியாகவும் நடக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தச் செய்திக்குப் பிறகு, ‘ஏரோமாடலிங்’ என்றால் என்ன என்று வீட்டில் விளக்கவேண்டிய சிரமம் பல மாணவர்களுக்குக் குறைந்தது.

இவர்களில் பெரும்பாலோரின் கையில் முதலில் வருவது ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்.-ஐ6. நான்கு பென்டார்ச் பேட்டரி, ஆறு சேனல், சின்னத் திரை, 20 விமானங்களின் அமைப்பைச் சேமித்துவைக்கும் நினைவகம். அதற்கு முந்தைய தலைமுறை, திரையே இல்லாத சி.டி.6பி. அதில் ஏலரான் திசையை மாற்றவேண்டுமானால்கூட கேபிளைச் செருகிக் கணினியில்தான் மாற்றவேண்டும். அதோடு பார்த்தால் ஐ6 பெரிய விடுதலை. விலைக்கு மேல் உழைக்கும் ரேடியோ அது. அதை வைத்துக்கொண்டு நன்றாகப் பறக்கவிடுபவர் யாரும் அவசரப்பட்டு மாற்றவேண்டியதில்லை.

மாற்றும் எண்ணம் பெரும்பாலும் சேனல் கணக்கில்தான் தொடங்குகிறது. ஏலரான், எலிவேட்டர், த்ராட்டில், ரட்டர் என்று நான்கு. இரண்டு ஏலரான்களுக்கும் தனித்தனி சர்வோ வைத்தால் ஐந்து. ஃப்ளாப் வைத்தால் ஆறு. கல்லூரிப் போட்டிக்காகச் சுமையைக் கீழே போடும் கதவு வைத்தால் ஏழாவது சேனல் வேண்டும், ஐ6-ல் இடமில்லை. ‘பத்து சேனல் ரேடியோ என்ன விலை?’ என்று தேடல் ஆரம்பமாகிவிடும்.

சேனல் மட்டுமே குறை என்றால் அதற்குப் புது ரேடியோவே தேவையில்லை. ஆர்வலர்கள் எழுதிய மாற்று மென்பொருளை ஏற்றினால் அதே ஐ6 பத்து சேனல் அனுப்பும். இன்று விற்கும் நடுத்தர ரேடியோக்கள் அனேகமாக எல்லாமே 16 சேனல் அனுப்பக்கூடியவை. ஆக, சேனல் எண்ணிக்கையை வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கவே முடியாது. பிரித்துப் பார்க்கவேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது: அந்த ரேடியோ எந்த ரிசீவரோடு பேசும்?

துணிக் கிளிப் காலம்

இந்தக் கேள்வி ஏன் வந்தது என்பது புரிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1930-களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள், ‘கஃப்’ என்று பெயர் வைத்த பெரிய மாதிரி விமானத்தை ரேடியோ மூலம் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டார்கள். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விமான அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. பிறகு வந்த பல பத்தாண்டுகளில் கருவிகள் சிறுத்தன. ஸ்டிக்கை எவ்வளவு அசைக்கிறோமோ அவ்வளவு மட்டும் சர்வோ அசையும் முறை வந்தது. ஆனால் ஒரு சிக்கல் மட்டும் தீரவே இல்லை. ஒரே அலைவரிசையை இருவர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் விமானம் விழும்.

அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கு 72 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 50 அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ். எந்த அலைவரிசை என்பதை ரேடியோவிலும் ரிசீவரிலும் செருகும் கிரிஸ்டல் தீர்மானிக்கும். மைதானத்தில் ஒரு பலகை இருக்கும். அலைவரிசை எண் எழுதிய துணிக் கிளிப் அதில் மாட்டியிருக்கும். உங்கள் எண்ணுள்ள கிளிப் உங்கள் ஆன்டெனாவில் இருந்தால்தான் ரேடியோவை ஆன் செய்யலாம். மறந்துபோய் ஒருவர் சுவிட்சைத் தட்டினால், அதே எண்ணில் வானத்தில் இருப்பவரின் பல மாத உழைப்பு தரையில் சிதறும். 72 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் நான்கு மீட்டருக்கும் மேல் என்பதால் ரேடியோவிலிருந்து ஒரு மீட்டர் அளவுக்கு ஆன்டெனாவை இழுத்துவிடவேண்டும். விமானத்திலும் ஏறக்குறைய அதே நீளத்துக்கு ஒரு கம்பி வால்வரை ஓடும்.

2005-ல் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் டி.எக்ஸ்.6 வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ். முதலில் சிறிய விமானங்களுக்கு மட்டும். அடுத்த ஆண்டே பெரிய விமானங்களுக்கும் ஏற்ற டி.எக்ஸ்.7. கிரிஸ்டலும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். ரேடியோவையும் ரிசீவரையும் ஒருமுறை ‘பைண்ட்’ செய்துவிட்டால், அந்த ரேடியோவின் அடையாளத்தோடு வரும் கட்டளைக்கு மட்டுமே ரிசீவர் காது கொடுக்கும். சில ஆண்டுகளில் பலகைகள் மைதானங்களிலிருந்து காணாமல் போயின.

இன்றைய ரேடியோக்கள் ஒரே அலைவரிசையில் உட்காருவதில்லை. வினாடிக்குப் பலமுறை தாவிக்கொண்டே இருக்கும். இந்த யோசனைக்கு 1942-லேயே அமெரிக்கக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தெயிலும். டார்பிடோவை ரேடியோவால் செலுத்தும்போது எதிரி குறுக்கிடாமல் இருக்க, பியானோ கட்டைகளின் எண்ணிக்கையான 88 அலைவரிசைகளுக்குள் தாவும் ஏற்பாடு அது. தூரத்திலிருந்து ஒரு பொருளைச் செலுத்துவதற்காகவே பிறந்த யோசனை, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மாதிரி விமானக்காரர்களின் கைக்கு வந்தது.

தாவும் முறையில் ஒரு விளைவு உண்டு. எந்த வரிசையில் தாவுவது, கட்டளையை எப்படிக் கட்டி அனுப்புவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஒரு கம்பெனி ரேடியோவும் இன்னொரு கம்பெனி ரிசீவரும் பலசமயம் ஒத்துப்போகும். இப்போது ஃப்ளைஸ்கையின் ஏ.எஃப்.எச்.டி.எஸ். 2ஏ, ஸ்பெக்ட்ரமின் டி.எஸ்.எம்.எக்ஸ்., ஃபுட்டாபாவின் ஃபாஸ்ட், ஃபிரிஸ்கையின் ஏ.சி.சி.எஸ்.டி. என்று ஆளுக்கொரு மொழி. ஒன்றுக்கு மற்றொன்று புரியாது.

ரேடியோ ஒன்றுதான், ரிசீவரோ விமானத்துக்கு ஒன்று. ஐந்து விமானம் வைத்திருப்பவர் ரேடியோவை மாற்றினால் ஐந்து ரிசீவரையும் மாற்றவேண்டிவரும். பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையைவிட இந்தக் கணக்குதான் பெரியது. அடுத்த ஐந்தாறு ஆண்டு எந்த ரிசீவர்களை வாங்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால் ரேடியோ தேர்வு பாதி முடிந்தது.

மூன்று பாதைகள்

ஒரே நிறுவனத்தோடு இருப்பது முதல் பாதை. ஸ்பெக்ட்ரமோ ஃபுட்டாபாவோ வாங்கி, ரிசீவரும் அதே கம்பெனியில் எடுப்பது. பெட்டியைத் திறந்தால் வேலை செய்யும். மெனு தெளிவாக இருக்கும். சிக்கல் வந்தால் கேட்க ஆள் உண்டு. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் தமிழர்கள் கடையில் வாங்கும் பல விமானங்களில் ஸ்பெக்ட்ரம் ரிசீவர் உள்ளேயே பொருத்தியிருக்கும். அவர்களுக்கு இதுவே நேரான வழி. இந்தியாவில் இருப்பவருக்கு ரிசீவர் விலையும், தேவைப்படும்போது கிடைக்குமா என்பதும் தடை.

இரண்டாவது, எல்லா மொழியும் பேசும் ரேடியோ. நான்கு வானொலிச் சில்லுகளை ஒரே பலகையில் வைத்த மல்டி-புரோட்டோகால் மாட்யூல் கொண்டவை இவை. சி.சி.2500 என்ற சில்லு ஃபிரிஸ்கைக்கு, சி.ஒய்.ஆர்.எஃப்.6936 ஸ்பெக்ட்ரமுக்கு, ஏ7105 ஃப்ளைஸ்கைக்கு, என்.ஆர்.எஃப்.24எல்01 பொம்மை டிரோன்களுக்கு. எந்தக் கம்பெனியும் தராத இந்த வசதியை ஆர்வலர்கள் திறந்தமூல மென்பொருளாக எழுதிக் கொடுத்தார்கள். ரேடியோமாஸ்டர், ஜம்பர் போன்ற சீன நிறுவனங்கள் அதை ரேடியோவுக்குள்ளேயே வைத்து விற்கின்றன. ஐ6 வாங்கிய காலத்திலிருந்து ஃப்ளைஸ்கை ரிசீவர்கள் நாலைந்து சேர்த்துவைத்திருப்பவருக்கு இது பெரிய வரம். பழைய விமானம் எதையும் தொடாமல், புது ரேடியோவில் ‘பைண்ட்’ மட்டும் செய்து பறக்கவிடலாம்.

மூன்றாவது எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ்., சுருக்கமாக ‘இ.எல்.ஆர்.எஸ்.’. இதுவும் திறந்தமூலம்தான். லோரா என்ற தொலைதூரத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதால், அதே மின்சக்தியில் மற்றவற்றைவிட வெகுதூரம் போகும். லோரா முறையில் வினாடிக்கு 500 முறைவரை கட்டளை அனுப்பும். ரிசீவர்கள் சிறியவை, விலை மலிந்தவை, பல கம்பெனிகள் செய்கின்றன. ஒரு நிறுவனம் கடையை மூடினாலும் இன்னொன்றில் வாங்கலாம். புதிதாக ஆரம்பிப்பவரும், கையில் பழைய ரிசீவர் அதிகம் இல்லாதவரும் இன்றைக்கு இந்தப் பாதையில் போவதே புத்திசாலித்தனம் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

ஆனால் இ.எல்.ஆர்.எஸ். டிரோன் பந்தயக்காரர்களின் தேவையிலிருந்து வளர்ந்தது. விமானக்காரர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு உள்ளே போகவேண்டும். அதில் ஐந்தாவது சேனல், மோட்டாரை ஓட அனுமதிக்கும் சுவிட்சுக்காக ஒதுக்கப்பட்டது. பொதுவான அமைப்பில் அந்தச் சேனலில் ஆன், ஆஃப் இரண்டு நிலைதான் போகும், நடுநிலையே கிடையாது. பழைய பழக்கத்தில் இரண்டாவது ஏலரானை ஐந்தாம் சேனலில் செருகினால், ஒரு பக்க ஏலரான் முழுவதும் மேலே அல்லது முழுவதும் கீழே என்று நிற்கும். ஆறாவதில் செருகினால் சிக்கல் தீர்ந்தது. ரேடியோ மாட்யூலிலும் ரிசீவரிலும் உள்ள மென்பொருளின் முதல் எண் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதும் முக்கியம். 2-ல் தொடங்கும் பதிப்பும் 3-ல் தொடங்கும் பதிப்பும் ஒன்றோடொன்று இணையாது. ‘ரிசீவர் பழுது’ என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் சில, பழுதே இல்லாதவை.

வாங்கும்போது பெட்டியைக் கவனிக்கவேண்டும். ரேடியோமாஸ்டர் டி.எக்ஸ்.16எஸ், பாக்ஸர் போன்றவை ஒரே பெயரில் வெவ்வேறு விதமாக வருகின்றன: மல்டி-புரோட்டோகால் மாட்யூல் உள்ளது ஒன்று, இ.எல்.ஆர்.எஸ். மாட்யூல் உள்ளது இன்னொன்று. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. பழைய ஃப்ளைஸ்கை ரிசீவர்களுக்காக வாங்குபவர் இ.எல்.ஆர்.எஸ். பெட்டியை எடுத்துவந்துவிட்டால், பின்பக்கப் பள்ளத்தில் செருகத் தனியாக ஒரு மாட்யூல் வாங்கவேண்டியிருக்கும். எதிர்காலத்தை நினைத்தால் மல்டி பெட்டியை வாங்கி, பின்னால் இ.எல்.ஆர்.எஸ். மாட்யூலைச் செருகிக்கொள்வது இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளும் வழி.

விரல் சொல்வது

கடையில் ரேடியோவைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்கவேண்டியது கிம்பல், அதாவது ஸ்டிக் உட்கார்ந்திருக்கும் பொறி. மலிவான ரேடியோக்களில் ஸ்டிக்கின் நிலையை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர். கரித்தடத்தின் மேல் ஒரு முள் உரசிக்கொண்டே ஓடும். நம் ஊர் மைதானங்களின் செம்மண் தூசி அதில் இறங்கினால், ஸ்டிக் நடுவில் சும்மா நிற்கும்போதே சர்வோ நடுங்கும். ஹால் சென்சார் கிம்பலில் உரசல் கிடையாது. ஒரு காந்தம் நகர்வதைத் தொடாமலே அளக்கிறது. தேய ஒன்றுமில்லை. இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் ஒவ்வொரு லேண்டிங்கிலும் விரலுக்குத் தெரியும்.

எந்த மோடு என்பதையும் வாங்குமுன் உறுதிசெய்யவேண்டும். இடது ஸ்டிக்கில் த்ராட்டிலும் ரட்டரும், வலதில் எலிவேட்டரும் ஏலரானும் இருந்தால் மோடு 2. த்ராட்டிலும் ஏலரானும் வலதில் இருந்தால் மோடு 1. இந்தியாவில் பெரும்பாலோர் மோடு 2. ஜப்பானில் மோடு 1 அதிகம். பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பவர் எதில் பறக்கவிடுகிறாரோ, அதுவே கற்பவருக்கும் நல்லது. விமானம் தலைகீழாகப் போகும்போது ரேடியோவைச் சட்டென்று அவர் கையில் கொடுத்தால், அவருக்கு அது புரியவேண்டும்.

திரை விஷயத்தில் விளம்பரத்தை நம்பவேண்டியதில்லை. டி.எக்ஸ்.16எஸ்ஸின் பெரிய வண்ணத்திரை வீட்டு மேஜையில் அழகு. அமைப்புகளைச் செய்வதற்கும் வசதி. ஏப்ரல் மாத வெயிலில் நின்று பார்க்கும்போது, பாக்ஸரின் கறுப்பு வெள்ளைத் திரைதான் சுலபமாகப் படிக்கமுடிகிறது. பறக்கவிடும்போது யாரும் திரையைப் பார்ப்பதும் இல்லை. கண் விமானத்தின்மேல்தான் இருக்கவேண்டும். தகவல் காதுக்கு வரவேண்டும்.

அந்தக் காதுக்கான வேலையை எட்ஜ் டி.எக்ஸ். என்ற இயக்க மென்பொருள் பிரமாதமாகச் செய்கிறது. ஓப்பன் டி.எக்ஸ்.ஸிலிருந்து பிரிந்து 2021-ல் வந்த இதுவும் ஆர்வலர்களின் உழைப்பு. விமானத்திலிருந்து திரும்பிவரும் டெலிமெட்ரியில் பேட்டரி மின்னழுத்தம், இணைப்பின் தரம் எல்லாம் உண்டு. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ரேடியோ பேசும். எஸ்.டி. கார்டில் நாம் பதிவுசெய்த ஒலிக்கோப்பையே போடலாம் என்பதால், “பேட்டரி குறைவு, இறக்கு” என்று வீட்டில் யாருடைய குரலிலாவது தமிழிலேயே சொல்லவைக்கலாம்.

மென்பொருளின் பலம் தெரிய ஒரு டெல்டா இறக்கை விமானம் போதும். அதில் வால் இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் இரண்டே தகடுகள். இரண்டும் சேர்ந்து மேலே போனால் மூக்கு தூக்கும். ஒன்று மேலே ஒன்று கீழே போனால் விமானம் உருளும். ஆக, ஒவ்வொரு சர்வோவுக்கும் எலிவேட்டர், ஏலரான் இரண்டின் கட்டளையும் கலந்து போகவேண்டும். ஐ6-ல் இதற்கு ‘எலிவான்’ என்று தயாராக ஒரு மெனு உண்டு. அதற்குள் அடங்கும்வரை பிரச்சினை இல்லை. எட்ஜ் டி.எக்ஸ்.ஸில் நாமே எழுதுகிறோம்: முதல் சேனலில் எலிவேட்டர் 50, ஏலரான் 50; இரண்டாவதில் எலிவேட்டர் 50, ஏலரான் கழித்தல் 50. சர்வோ இருக்கும் பக்கத்தைப் பொறுத்துக் குறி மாறும். எலிவேட்டர், ஏலரான் இரண்டையும் ஒரே நேரத்தில் எல்லைவரை தள்ளினாலும் 100-ஐத் தாண்டாது என்பதால் சர்வோ முட்டிக்கொள்ளாது.

இதே வழியில், ஃப்ளாப்பை இறக்கும்போது மூக்கு தூக்கும் உயர இறக்கை விமானத்துக்கு, ஃப்ளாப் சுவிட்சோடு கொஞ்சம் டவுன் எலிவேட்டரைச் சேர்க்கலாம். இரண்டும் சட்டென்று அல்லாமல் இரண்டு வினாடியில் மெதுவாக நகரும்படி வைக்கலாம். முதன்முறை இப்படி இறங்கும் விமானத்தைப் பார்ப்பவருக்கு அது வேறு விமானமாகவே தோன்றும். கற்றுக்கொள்ளச் சில மாலைப்பொழுதுகள் ஆகும் என்பது உண்மை. மெனுவைக் கண்டாலே அலுப்பு என்பவர்கள் முதல் பாதையில் போவது நல்லது. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

ரேடியோவை யு.எஸ்.பி. கேபிளில் கணினியோடு இணைத்தால் சிமுலேட்டருக்கு ஜாய்ஸ்டிக் ஆகிவிடும். மழைக்காலம் முழுக்க வீட்டில் பழகலாம். சாதாரணமாகத் தெரியும் இந்த வசதி, நிறைய விமானங்களைக் காப்பாற்றுகிறது.

தூரமும் சட்டமும்

இ.எல்.ஆர்.எஸ். வந்த பிறகு ‘எவ்வளவு தூரம் போகும்?’ என்ற கேள்வி அதிகமாகக் கேட்கிறது. மாதிரி விமானக்காரருக்கு எல்லை கண்தான். ஒன்றரை மீட்டர் இறக்கையுள்ள விமானம் அரை கிலோமீட்டர் தாண்டினால், அது நம் பக்கம் வருகிறதா விலகிப் போகிறதா என்பதே குழப்பமாகிவிடும்.

கடல் தாண்டிய விமானத்துக்கும் இதுவே எல்லை. 2003 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மேனார்ட் ஹில் குழுவினர், ஐந்து கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள ஒரு மாதிரி விமானத்தை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு அட்லான்டிக் பெருங்கடல் தாண்டிப் பறக்கவைத்தார்கள். ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், 38 மணி 52 நிமிடம். கடலுக்கு மேல் முழுக்கத் தானியங்கிக் கருவிதான் ஓட்டியது. மனிதர்கள் ரேடியோ ஸ்டிக்கைப் பிடித்தது கிளம்பும்போதும், அயர்லாந்துக் கரையில் கண்ணுக்குத் தெரிந்த பிறகு இறக்கும்போதும்தான்.

அதிகத் தூரத்தின் உண்மையான பயன் வேறு. பத்து கிலோமீட்டர் எட்டும் இணைப்பு, அரை கிலோமீட்டரில் விமானம் எப்படித் திரும்பினாலும், பேட்டரி ஆன்டெனாவை மறைத்தாலும் அறுந்துபோகாது. தாராளமான அந்த மிச்சத்துக்காகத்தான் பணம் கொடுக்கிறோம்.

எந்த அலைவரிசை என்பதில் கண்டிப்பாக இருக்கவேண்டும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2005-லிருந்து தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது. அதே ஆண்டு 865–867 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கும் அந்தச் சலுகை வந்தது. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவரும் ‘900’ மாட்யூல் வேலை செய்வதோ 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் நாட்டில் 890 முதல் 915 வரை செல்போனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் அலைகளுக்கான இடம். அங்கே நம் ரேடியோ கத்தினால் ஊரில் யாரோ ஒருவருடைய அழைப்பு கெடும், சட்டப்படியும் குற்றம். இ.எல்.ஆர்.எஸ். மென்பொருளில் இந்தியாவுக்கென 866 மெகாஹெர்ட்ஸ் தேர்வு தனியாக இருக்கிறது. விமானக்காரர் பெரும்பாலோருக்கு அந்தக் கவலையே வேண்டாம், 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூலே எல்லாத் தேவைக்கும் போதும்.

2021 ஆகஸ்ட் 25-ல் வந்த டிரோன் விதிகள் மாதிரி விமானங்களைத் தனியாகக் குறிப்பிடுகின்றன: 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மட்டும், கண்பார்வைக்குள் பறப்பவை. இவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. எங்கே பறக்கவிடலாம் என்பதற்கு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்கவேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடிவரை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். சென்னை, மதுரை, கோவை, திருச்சி, தூத்துக்குடி, சேலம் என்று விமான நிலையங்கள் இருக்கும் மாநிலத்தில், மைதானத்தைத் தேர்ந்தெடுக்குமுன் இந்த வரைபடத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

முதல் நாள்

புது ரேடியோ கைக்கு வந்ததும் புது விமானத்தில் போடக் கூடாது. நன்றாகப் பழகிய, எப்படிப் பறக்கும் என்று விரலுக்குத் தெரிந்த பழைய விமானத்தில்தான் முதலில் போடவேண்டும். இரண்டும் புதிதாக இருந்தால், கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க முடியாது.

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஃபெயில்சேஃபை அமைக்கவேண்டும். சில ரிசீவர்கள், அமைக்காமல் விட்டால், இணைப்பு அறுந்ததும் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருந்த விமானம் முழு வேகத்திலேயே ஊருக்குள் போய்விடும். த்ராட்டில் சுழியம், ரட்டர் லேசாக ஒரு பக்கம் என்று வைத்தால், விமானம் மோட்டார் நின்று சின்ன வட்டமடித்தபடி அருகிலேயே இறங்கும். வைத்ததோடு விடாமல் சோதிக்கவேண்டும்: த்ராட்டிலை மூன்றில் ஒரு பங்கு ஏற்றி மோட்டார் ஓடும்போது ரேடியோவை ஆஃப் செய்தால், மோட்டார் நிற்கவேண்டும். நிற்கவில்லையென்றால் அன்றைக்குப் பறத்தல் கிடையாது.

ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில், உறை உரித்துத் தெரியும் 31 மில்லிமீட்டர் மட்டும்தான் அலையை வாங்குகிறது. அந்தத் துண்டு நேராக இருக்கவேண்டும். கார்பன் குழாய்க்கும் பேட்டரிக்கும் எட்டி இருக்கவேண்டும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக. ரேடியோவின் ஆன்டெனாவிலும் நுனித் திசையில்தான் சக்தி மிகக் குறைவு. விமானத்தை நோக்கி அதைத் துப்பாக்கி மாதிரி நீட்டுவது பலரும் செய்யும் தவறு. பக்கவாட்டில் மடக்கிவைத்தால் போதும்.

‘சிக்னல் போய்விட்டது’ என்று சொல்லப்படும் விபத்துகளில் பல, உண்மையில் மின்சாரம் போன விபத்துகள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான இ.எஸ்.சி.க்குள் இருக்கும் சின்ன பி.இ.சி.தான் ரிசீவருக்கும் எல்லா சர்வோவுக்கும் 5 வோல்ட் கொடுக்கிறது. நான்கு சர்வோவுக்குப் போதுமான அது, ஃப்ளாப்பும் கதவும் சேர்ந்து ஆறேழு ஆகும்போது திணறும். லேண்டிங்கில் எல்லா ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் அசையும்போது மின்னழுத்தம் சரியும். ரிசீவருக்குள் இருக்கும் கணினி ஒரு கணம் அணைந்து மறுபடி உயிர்பெறும். அந்தக் கணம் விமானம் பத்தடி உயரத்தில் இருந்தால் போதும். அதிக சேனலுக்காக ரேடியோவை மாற்றுபவர் பெரிய பி.இ.சி.க்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கவேண்டும்.

அடுத்தது ரேஞ்ச் செக். மெனுவில் இந்த வசதியை இயக்கினால் ரேடியோவின் சக்தி வெகுவாகக் குறையும். அந்த நிலையில் விமானத்திலிருந்து முப்பது காலடி எடுத்துவைத்துப் போய் நின்று, எல்லாத் தகடும் நடுங்காமல் அசைகிறதா என்று பார்க்கவேண்டும். ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாத் திசையிலும் திருப்பிக் காட்டுவது அவசியம். இ.எல்.ஆர்.எஸ்.ஸில் சக்தியை மிகக் குறைந்த அளவில் வைத்து நடந்துகொண்டே, திரையில் இணைப்புத் தரத்தைக் கவனிக்கலாம்.

எட்ஜ் டி.எக்ஸ். ரேடியோவில் பறத்தலின் பதிவை எஸ்.டி. கார்டில் சேமிக்கும் வசதியை முதல் நாளே இயக்கிவிடவேண்டும். முதல் பேட்டரி தீர்ந்து விமானம் இறங்கியதும் கார்டை மடிக்கணினியில் போட்டால், ஒவ்வொரு கணத்துக்குமான இணைப்புத் தரம், ரிசீவரின் மின்னழுத்தம், ஸ்டிக் இருந்த நிலை எல்லாம் வரிசையாக இருக்கும். தரம் எங்கே சரிந்தது, அப்போது விமானம் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது என்று பார்த்தால், எந்த ஆன்டெனாவை எங்கே நகர்த்தவேண்டும் என்பது தெரிந்துவிடும். மின்னழுத்தம் 5-லிருந்து இறங்கியிருந்தால் பி.இ.சி.யை மாற்றவேண்டும். சரிசெய்துவிட்டு, ரேஞ்ச் செக் இன்னொரு முறை. அதற்குப் பிறகு இரண்டாவது பேட்டரி.